தவறான பெயர் விட்டுச்செல்லும் தழும்பு

படை, சொறி, சிரங்கு, வெண்குஷ்டம் ஆகிய நான்கையும் ஒரே வாரத்தில் போக்கும் என்ற உறுதிமொழியோடு இந்த வாரம் நாளிதழ் ஒன்றின் உள்பக்கத்தில் வெளிவந்த களிம்பு விளம்பரம், தோலைப் பற்றிப் பள்ளிப் பாடநூல் சொல்லித்தரும் அறிவையும் மறுப்பதாக இருக்கிறது. வெவ்வேறு காரணங்களால், தோலின் வேறு வேறு இடங்களில் தோன்றும் கோளாறுகளை ஒரே பட்டியலில் அடுக்கி, ஒரே குழாய்க் களிம்பால் தீர்ப்பதாகச் சொல்வது நோயாளியின் பணத்தையும் காலத்தையும் ஒருங்கே பறிப்பதாகும்.

மனித உடலின் மிகப்பெரிய உறுப்பான தோல், வளர்ந்த ஒருவரிடம் ஏறத்தாழ 1.5 முதல் 2 சதுர மீட்டர் வரை பரந்திருக்கிறது. அது மேல்தோல், உட்தோல், அதற்குக் கீழுள்ள கொழுப்புத் திசு என மூன்று அடுக்குகளால் ஆனது. மேல்தோலின் அடிவரிசையில் பிறக்கும் செல்கள் மெல்ல மேலேறி, கெரட்டின் என்னும் உறுதியான புரதத்தால் நிரம்பி, உயிரற்ற செதில்களாகிச் சுமார் நான்கு முதல் ஆறு வாரங்களில் உதிர்கின்றன. உட்தோலில் இரத்தக் குழாய்களும் நரம்பு முனைகளும் வியர்வைச் சுரப்பிகளும் மயிர்க்கால்களும் அமைந்துள்ளன. கண்ணிமையில் மேல்தோல் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு மட்டுமே தடிப்புடையது. உள்ளங்காலில் அது ஒரு மில்லிமீட்டரையும் தாண்டுகிறது.

இந்த அடுக்குகளை மனத்தில் வைத்துப் பார்த்தால் விளம்பரத்தின் பிழை தெளிவாகும். படர்தாமரை எனப்படும் படை, மேல்தோலின் உயிரற்ற செதிலில் உள்ள கெரட்டினை உண்டு வாழும் பூஞ்சையால் வருவது. விளிம்பில் சிவந்தும் நடுவில் தெளிந்தும் அது வட்டமாக விரிகிறது. சொறி சிரங்கு, அரை மில்லிமீட்டர் நீளங்கூட இல்லாத ஒரு சிற்றுண்ணி அதே செதிலைக் குடைந்து முட்டையிடுவதால் வருவது. விரலிடுக்கில் தொடங்கி இரவில் அரிப்பு மிகும் இந்நோய்க்கு, வீட்டிலுள்ள அனைவரும் ஒரே வேளையில் மருந்து பூசிக்கொண்டால்தான் விடிவு உண்டு. சோரியாசிஸ் எனப்படும் காளாஞ்சகப்படையிலோ கிருமி எதுவும் இல்லை. செல்கள் வாரக்கணக்கில் முடிக்க வேண்டிய பயணத்தைச் சில நாட்களிலேயே முடித்துவிடுவதால் வெள்ளிச் செதில்கள் குவிகின்றன. ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் படர்தாமரையின்மேல் தடவினால் அரிப்பு இரண்டே நாளில் அடங்கும். ஆனால் உடலின் எதிர்ப்பும் அடங்கிவிடுவதால் பூஞ்சை தடையின்றிப் பரவும், தோலும் மெலியும்.

களிம்பைக் காட்டிலும் அந்த விளம்பரத்தின் நான்காம் சொல்லே பெரிய தீங்கைச் செய்கிறது. ‘வெண்குஷ்டம்’ என்ற அந்தச் சொல் இன்னமும் அச்சேறுவது வருத்தத்தையும் சினத்தையும் ஒருசேரத் தருகிறது.

மேல்தோலின் அடிவரிசையில், மெலனின் என்னும் கருநிறமியை ஆக்கும் செல்கள் அங்கங்கே அமர்ந்துள்ளன. ஒவ்வொரு நிறமிச் செல்லும் கிளைகளை நீட்டிச் சுற்றியுள்ள முப்பதுக்கும் மேற்பட்ட செல்களுக்கு நிறத்தைப் பகிர்ந்து கொடுக்கிறது. கறுத்த மேனியருக்கும் வெளுத்த மேனியருக்கும் இச்செல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். நிறமித் துகள்களின் அளவும் அவை பரவும் விதமுமே வேறுபடுகின்றன. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் இந்தச் செல்களையே அயலாகக் கருதி அழிக்கும்போது அந்த இடம் வெளுக்கிறது. ‘வெண்குஷ்டம்’ என்று அவர்கள் அச்சிடும் வெண்புள்ளி என்பது இவ்வளவே. உலக மக்களில் நூற்றுக்கு ஒருவர் அல்லது அதற்கும் சற்றுக் குறைவானோரிடம் காணப்படும் இதில் கிருமி இல்லை. தொட்டாலும் உடன் உண்டாலும் பரவாது. வெளுத்த இடத்தில் தொடுவுணர்வும் வெப்பவுணர்வும் குறைவதில்லை.

புற ஊதாக்கதிர் சிகிச்சை பலனளிக்கும் வெண்புள்ளியை அருகிலிருந்து பார்ப்போர், வெண்மையின் நடுவே ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் கடுகளவு பழுப்புப் பொட்டுகள் முளைத்து, அவை வாரக்கணக்கில் விரிந்து ஒன்றோடொன்று சேர்வதைக் காணலாம். மயிர்க்காலின் ஆழத்தில் தப்பிப் பிழைத்த நிறமிச் செல்கள் மேலேறி வருவதன் அடையாளம் அது. மயிர்க்கால்களே இல்லாத உதட்டிலும் விரல் நுனியிலும் நிறம் எளிதில் திரும்பாததற்கும் காரணம் இதுவே.

‘குஷ்டம்’ என்ற சொல் இன்று குறிக்கும் தொழுநோய் முற்றிலும் வேறானது. நார்வேயின் பெர்கன் நகரில் ஆர்மவர் ஹான்சன் 1873இல் கண்டறிந்த நுண்ணுயிர், தோல் நரம்புகளைத் தாக்குவதால் திட்டு விழுந்த இடம் உணர்விழக்கிறது. அதுவும் இன்று அஞ்சத்தக்கதன்று. உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை, நோயின் வகைக்கேற்ப ஆறு அல்லது பன்னிரண்டு மாதங்களில் அதைக் குணமாக்குகிறது. அம்மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாகக் காட்டும் பிரிவுகளை இந்திய நாடாளுமன்றம் 2019இல் நீக்கியது.

இரண்டையும் ஒரே பெயரில் கட்டியது சொல்லின் வரலாறு. வடமொழியின் ‘குஷ்டம்’ பழைய மருத்துவ நூல்களில் பலவகைத் தோல் நோய்களைக் குறித்த பொதுச்சொல். சரக சம்ஹிதை அதனைப் பெரியவை 7, சிறியவை 11 எனப் பதினெட்டாக வகுத்தது. அந்நூலும் வெண்புள்ளியை அப்பதினெட்டில் சேர்க்காமல் கிலாசம், சுவித்ரம் எனத் தனிப்பெயரிட்டே பேசியது. பிற்காலத்தில் பொதுச்சொல் சுருங்கித் தொழுநோயை மட்டும் குறிக்கத் தொடங்கியபோது, ‘வெண்’ என்னும் அடையோடு நின்ற சொல்லும் அந்தப் பழியைச் சுமக்க நேர்ந்தது. விவிலியத்திலும் இதுவே நடந்தது. லேவியராகமத்தில் வரும் எபிரேயச் சொல் ஆடைகளிலும் வீட்டுச் சுவர்களிலும் தோன்றும் கறையையும் சேர்த்தே குறித்தது. சுவருக்குத் தொழுநோய் வராது. ஆயினும் அச்சொல் கிரேக்கத்தில் செதிலுதிரும் தோலைக் குறித்த ‘லெப்ரா’வாகி, தமிழில் ‘குஷ்டரோகம்’ ஆயிற்று.

தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. வியர்வையால் வரும் பருவுக்கு வேர்க்குரு, வட்டமாய்ப் படர்வதற்குப் படர்தாமரை, கன்னத்தில் படியும் கருமைக்கு மங்கு என, கண்ணால் கண்டதைப் பழியின்றிப் பெயரிட்ட மொழி இது. உரையாசிரியர்கள் தேமல் எனப் பொருள் கொள்ளும் சுணங்கைச் சங்கப் புலவர்கள் வேங்கைப் பூவுக்கு ஒப்பிட்டு அழகெனப் போற்றினர். மேனியில் நிறம் மாறித் தோன்றிய புள்ளியை அழகாகக் கண்ட மரபில் வெண்புள்ளி மட்டும் இழிவாவது பொருந்தாது.

இச்சொல்லின் சுமை ஏட்டோடு நிற்பதில்லை. மணிக்கட்டில் ஒரு ரூபாய்க் காசளவு வெண்மை தோன்றிய பெண், மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் கோடையிலும் முழுக்கைச் சட்டை அணிகிறாள். அவளுடைய தங்கைக்கு வரும் வரனும் தயங்குகிறது. பாதிக்கப்பட்டோரின் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டதன் பயனாக, ‘வெண்குஷ்டம்’ என்பதை விலக்கி ‘வெண்புள்ளிகள்’ என வழங்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு ஆணையிட்டிருக்கிறது. அவ்வாணைக்குப் பின்னும் மருந்துக்கடைப் பலகையிலும் விளம்பரத்திலும் பழைய சொல்லே நீடிக்கிறது.

விளம்பரம் ஏற்கும் இதழ்களும் சீட்டு எழுதும் மருத்துவர்களும் வரன் பேசும் பெரியவர்களும் அந்தச் சொல்லை இன்றோடு கைவிட வேண்டும். மருந்து நிறத்தை மீட்கப் பல மாதங்கள் ஆகலாம். பெயரைத் திருத்துவதற்கு ஒரு நாளும் ஆகாது. அதன் பெயர் வெண்புள்ளி.