சர்வர் என்பது பெட்டியா, வேலையா?

அம்பத்தூர்ப் பக்கம் உள்ள பெரிய தரவு மையங்களைப் பார்த்துவிட்டு, சர்வர் என்றால் குளிரூட்டிய கட்டடத்துக்குள் இருக்கும் ராட்சத இயந்திரம் என்று எண்ணிவிடாதீர்கள். அது வேலையின் பெயர். ஹோட்டலில் கேட்டதைக் கொண்டுவந்து தருபவரையும் சர்வர் என்றுதானே அழைக்கிறோம்? வீட்டிலுள்ள பழைய கணிப்பொறி பாட்டுகளைச் சேமித்து வைத்து, கேட்டவுடன் வைஃபை வழியே அனுப்பினால் அதுவும் சர்வரே! பாட்டைப் பெற்று ஒலிக்கும் பெட்டி 'ரெண்டரர்'. 'இதைப் பாடு' என்று ஆணையிடும் கைப்பேசி 'கன்ட்ரோலர்'. ஆணை மட்டுமே அதன் வழியாகப் போகிறது, பாட்டு போவதில்லை.

பலர் ஏமாறுவது பிட், பைட் குழப்பத்தில்தான். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். குறுந்தகட்டில் இடம், வலம் இரண்டுக்கும் தனித்தனியே வினாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதியிருக்கிறார்கள். பெருக்கிப் பாருங்கள்: வினாடிக்கு 14,11,200 பிட். விளம்பரம் முழங்கும் 100 மெகாபிட்டில் இது ஏறத்தாழ எழுபதில் ஒரு பங்கு!

அதுமட்டுமா? வீட்டுக்குள்ளேயே பாட்டு அனுப்ப இணையச் சந்தாவே வேண்டாம், ஒரு ரூட்டர் போதும். பாட்டுக் கேட்க அதிவேக இணைப்பு வாங்கச் சொல்லி யாராவது அப்பாவிடம் வந்தால், இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.