அத்தையின் ராட்டையும் கீழடித் தக்களியும்

போகிப் பண்டிகை வந்துவிட்டால் போதும், எனக்குக் கை துறுதுறுவென்று ஆகிவிடும். பரண் மேல் ஏறி ஒட்டடை அடித்து, வேண்டாததையெல்லாம் வாசலில் குவித்து, பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டுக் காசாக்கிவிட்டுத்தான் பொங்கல் பானையையே கையில் எடுப்பேன். 'இதில் என்ன தப்பு?' என்றுதானே கேட்கிறீர்கள், சகோதரிகளே? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குச் சின்னாளப்பட்டி. ஊர்ப் பேரைச் சொன்னாலே சுங்குடிச் சேலைதானே நினைவுக்கு வரும்! நான் மருமகளாக வந்தபோது தெருவின் இரண்டு பக்கமும் தறிச் சத்தம் கேட்கும். எங்கள் வீட்டிலும் குழித்தறி இருந்தது. மாமா தறியில் உட்காருவார். அத்தை திண்ணையில் ராட்டையைப் போட்டுத் தார் சுற்றுவார்கள். மாமா காலமான பிறகு தறியும் போயிற்று. குழியை மூடி, சிமெண்டு பூசி, அதன் மேல் டி.வி. வைத்துவிட்டோம். மிஞ்சியது அந்த ராட்டையும், ஒரு பிஸ்கட் டப்பா நிறையத் தார்க்குச்சிகளும், ஒடிந்த நாடா ஒன்றும், அத்தை பள்ளிக்கூடத்தில் நூற்ற தக்களியும்தான்.

ஒரு போகிக்கு அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டேன். கிடைத்தது நூற்றி இருபது ரூபாய். அத்தை கோயிலுக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்து காலியான பரணைப் பார்த்தார்கள். "போட்டுட்டியா தாயி?" என்று ஒரே ஒரு வார்த்தை. அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அதன் பிறகு சாப்பாடு பாதியாகக் குறைந்தது. பேச்சும் குறைந்தது. எந்நேரமும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சர்க்கரைதான் கூடிவிட்டதோ என்று பயந்து டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். ரத்தம், சிறுநீர் எல்லாம் பரிசோதித்தார்கள். ஒரு குறையும் இல்லை. குறை எங்கே இருந்தது என்று எனக்குத்தான் தெரியவில்லை!

அது தெரிந்தது கீழடியில். மதுரைக்குத் தென்கிழக்கே பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டரில், வைகைக் கரையில் இருக்கிற ஊர். 2014-ல் தொடங்கி அங்கே அகழாய்வு நடந்தது. 2023 மார்ச் மாதம் அருங்காட்சியகமும் திறந்தார்கள். பள்ளி விடுமுறையில் மகள் நச்சரித்தாள் என்று கிளம்பினோம். வீட்டில் தனியாக விடவேண்டாமே என்று அத்தையையும் கூட்டிக்கொண்டோம்.

தங்க நகை, தந்தத்தில் செய்த சீப்பு, எழுத்துக் கீறிய பானை ஓடு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனோம். அத்தை எதிலும் நிற்கவில்லை. நெசவுச் சாமான்கள் வைத்திருக்கிற இடம் வந்தது. கண்ணாடிக்குள்ளே சின்னச் சின்ன மண் வட்டுகள், நடுவில் ஓட்டை. அத்தை சட்டென்று நின்றுவிட்டார்கள்.

"இது தக்களியில்ல? இதுக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டியா?"

பல நாளைக்குப் பிறகு அவர்கள் வாயிலிருந்து வந்த முழுப் பேச்சு அதுதான்!

என் மகள் விடுவாளா? "சொப்பு வண்டிச் சக்கரமா இருந்தா என்ன அப்பத்தா? தக்களின்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டாள். நல்ல கேள்விதானே? ஈரோடு மாவட்டம் கொடுமணலில் இதே மாதிரி சுடுமண் வட்டுகள், நடுவில் இரும்புக் கம்பி கோத்தபடியே கிடைத்திருக்கின்றன. அப்புறம், கீழடியில் இந்த வட்டு தனியாகக் கிடைக்கவில்லை. நூலைத் தொங்கவிடும் தூக்குக்கற்கள், கூராகச் சீவிய எலும்பு முனைகள், செம்பு ஊசி, திரவம் ஊற்றி வைக்கும் மண் கலங்கள் எல்லாம் கிடைத்தன. அத்தனையையும் சேர்த்துப் பார்த்துத்தான், நூற்பதிலிருந்து நெய்வதுவரை ஒரு தொழிலே அங்கே நடந்திருக்கிறது என்று தொல்லியல் துறை 2019-ல் வெளியிட்ட அறிக்கையில் எழுதினார்கள். அங்கே 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரி ஒன்றை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பியபோது, அதன் காலம் கி.மு. 580 என்று வந்தது.

அத்தைக்கு இந்த அறிக்கையெல்லாம் தெரியாது. ஆனால் கண்ணாடியில் விரலை வைத்துப் பாடமே நடத்திவிட்டார்கள். "இந்தா, இது கனமா இருக்கு பாரு, இதுல நூத்தா நூல் தடியா வரும். அது சின்னது, அதுல மெல்லிசு நூக்கலாம். இந்தக் கூர் எலும்பு இருக்கே, அறுந்த இழையைத் தூக்கி முடிய இப்படி ஒண்ணு வேணும்ல!" பக்கத்தில் நின்ற நாலைந்து பேர் எங்களைச் சுற்றி வந்துவிட்டார்கள். ஒரு பெண்மணி, "பாட்டி, இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றார். அத்தையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

என் முகத்தைத்தான் நான் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. 2,000 வருஷத்துக்கு முந்தைய தக்களியைப் பார்க்கக் கார் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன். என் வீட்டுத் தக்களியை நூற்றி இருபது ரூபாயோடு சேர்த்துத் தள்ளிவிட்டேன்.

அன்று இரவு வீட்டில் அத்தை தலைப்பிலிருந்து ஓர் இழையை உருவிக் காட்டினார்கள். "வலது கையால சுண்டினா முறுக்கு ஒரு பக்கம் சாயும். எதிர்ப்பக்கம் சுத்தினா மறுபக்கம். விரல்லயே தெரியும்." இதைக் கேட்டதும் எனக்கு எப்போதோ படித்தது ஞாபகம் வந்தது. எகிப்து நாட்டில், செங்கடல் ஓரத்தில் பெரெனிக்கே என்ற பழைய துறைமுகம். நம் பக்க மண்ணின் ஈரத்தில் துணி மக்கிவிடும். அந்தப் பாலைவன மணலிலோ, 2,000 வருஷத் துணிகூடக் கந்தலாகவாவது கிடைக்கிறது. அங்கே கிடைத்த பருத்தித் துண்டுகளில் பல இந்தியாவிலிருந்து போனவை என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்லுகிறார்கள். அதற்கு அவர்கள் பார்த்த முக்கியமான அடையாளம் எது தெரியுமா? நூலின் முறுக்கு! எகிப்துக்காரர்கள் ஒரு பக்கம் முறுக்கி நூற்றார்கள், நம்மவர்கள் மறுபக்கம். பெயர் தெரியாத யாரோ ஒருவரின் கைவாகு, கடல் தாண்டிப் போயும் அழியவில்லை. அத்தையின் விரலுக்குத் தெரிந்ததைத்தான் அவர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

மறுநாளே இரும்புக் கடைக்கு ஓடினேன். "அதெல்லாம் அப்பவே போச்சும்மா. இரும்பைக் கழட்டிட்டு மரத்தை அடுப்புக்குப் போட்டாச்சு" என்று கையை விரித்துவிட்டார் கடைக்காரர். அவர் மேல் என்ன தப்பு? நஷ்டம் நஷ்டம்தான். அதை ஈடுகட்ட முடியாது.

அதனால் சகோதரிகளே, என் அனுபவத்தில் நான் சொல்லுவது இவ்வளவுதான். வீட்டை ஒழியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து வைக்க நம் வீடு என்ன அருங்காட்சியகமா? ஆனால் அந்தக் காலத்துச் சாமான் எதையும் போடுவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள். இதன் பேர் என்ன, யார் வைத்திருந்தது, எப்படிப் பிடிப்பது என்று விசாரித்து, ஒரு சீட்டில் எழுதி அதோடு கட்டிவையுங்கள். பேரும் கையும் தெரியாத சாமான் வெறும் கட்டைதான்.

வீடு கட்டக் கடைக்கால் தோண்டும்போதோ, தோட்டத்தில் கொத்தும்போதோ பழைய தாழி, பானை, காசு ஏதாவது தட்டுப்பட்டால், தயவுசெய்து எடுத்துக் கழுவாதீர்கள். நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே, பழனிக்குப் பக்கத்தில் பொருந்தல் என்ற ஊர் இருக்கிறது. 2009, 2010-ல் பேராசிரியர் கா. ராஜன் அங்கே அகழாய்வு செய்தபோது, ஈமக்குழி ஒன்றில் நான்கு கால் வைத்த ஜாடிக்குள் சுமார் 2 கிலோ நெல் அப்படியே இருந்தது. அந்த நெல்லைச் சோதித்துத்தான் காலம் கி.மு. 490 என்று கண்டார்கள். நம்மைப் போல யாராவது 'பத்துப் பாத்திரத்தோடு இதையும் தேய்த்து வைப்போம்' என்று கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் கிராம நிர்வாக அலுவலருக்கோ தாசில்தாருக்கோ சொல்லிவிடுங்கள். புதையலை மறைக்கக் கூடாது என்று 1878-ஆம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது. அஞ்சறைப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டால் சீரகம் எது, வெந்தயம் எது என்று பொறுக்குவது எத்தனை பாடு? இருந்த இடம் கலைந்துபோன பழம்பொருளும் அப்படித்தான்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. சாயங்காலம் விளக்கு வைத்ததும் அத்தை சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். பாவு, ஊடை, அச்சு, விழுது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். சாப்பாடும் பழையபடி ஆகிவிட்டது.

போன வாரம் மகள் ராட்டையைப் படம் போட்டுக் காட்டினாள். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, ஆள்காட்டி விரலை நீட்டினார்கள். அந்த விரலில், வருஷக்கணக்காக நூல் ஓடி ஓடி விழுந்த பள்ளம் ஒன்று இருக்கிறது. கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் நான் அதைக் கவனித்ததே இல்லை.

"நூல் இங்கிட்டு வராதுடி கண்ணு. இந்த விரல் வழியாத்தான் வரும். மாத்திப் போடு" என்றார்கள்.

மகள் ரப்பரை எடுத்தாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.