கிருமியைப் படித்தார்கள், ஆட்டைப் பார்ப்பது யார்?



போன தை மாதம் என் பட்டியில் வெள்ளாடுகள் இருமத் தொடங்கின. மூக்கில் சளி, மூச்சிறைப்பு. தீனி எடுக்கவில்லை. மருந்துக் கடையில் கொடுத்த பென்சிலின் ஊசியைப் போட்டேன். கேட்கவில்லை. பத்து நாளில் ஐந்து ஆடு போச்சு. மகள் காலேஜ் பீசுக்கு வைத்திருந்த ஆடுகள். என்ன நோய் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

வெள்ளாட்டின் நுரையீரல், மூட்டு, மடியைத் தாக்கும் மைக்கோபிளாஸ்மா என்றொரு கிருமி உண்டு. பென்சிலின் கிருமியின் சுவரைத்தான் உடைக்கும். இந்தக் கிருமிக்குச் சுவரே கிடையாது. சுவரில்லாத வீட்டில் கடப்பாரைக்கு என்ன வேலை? என் பட்டியில் வந்தது அதுவானால், நான் போட்டது வெறும் தண்ணீர்தான்.

விஞ்ஞானிகளுக்கு இது தெரியாத கிருமி அல்ல. எந்த உயிருக்குள்ளும் நாலே எழுத்தில் எழுதிய குறிப்பு உண்டு. அதன் பெயர் ஜீனோம். மைக்கோபிளாஸ்மா மைக்காய்ட்ஸ் என்ற ஆட்டுக் கிருமியின் ஜீனோமில் சுமார் 10 லட்சத்து 80 ஆயிரம் எழுத்துகள். அமெரிக்காவின் கிரெய்க் வென்டர் ஆய்வு நிறுவனம் அதைப் படித்து, 2010-ல் ரசாயன முறையில் திரும்ப எழுதி, இன்னொரு ஆட்டுக் கிருமிக்குள் வைத்து உயிரோடு பெருக வைத்தது. உலகமே பேசியது. கிருமிக்கு வந்த மவுசு ஆட்டுக்கு வரவில்லை!

விஞ்ஞானத்தை நாம் குறை சொல்லவில்லை. எழுத்து தெரிந்தால் கிருமியைப் பிடிக்கலாம். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே பி.சி.ஆர். சோதனையை ஆட்டுச் சளியிலும் செய்யலாம். ஆட்டுக்கொல்லி நோயிலும் மூச்சிறைக்கும். ஆனால் அது வைரஸ், தடுப்பூசிதான் வழி. எது என்று தெரியாமல் போடும் ஊசி, காசுக்கும் நஷ்டம், ஆட்டுக்கும் நஷ்டம்.

நாம் கேட்பது மூன்று:

1. ஆடுகள் அடுத்தடுத்துச் செத்தால் ஊருக்கே வந்து மாதிரி எடுக்க வேண்டும்.

2. சோதனை இலவசமாக நடக்க வேண்டும். முடிவை எழுத்தில் ஆட்டுக்காரர் கையில் தர வேண்டும்.

3. செத்த ஆட்டுக்கு நஷ்டஈடு வேண்டும்.

அதுவரை இருமும் ஆட்டைத் தனியே கட்டுங்கள். சந்தைக்கு ஓட்டி அடுத்தவர் பட்டியில் நோயைச் சேர்க்காதீர்கள். கடை ஊசியை நம்பாமல் கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்கள்.

வருகிற திங்கட்கிழமை காலை 10 மணிக்குத் தாலுகா ஆபீஸ் முன்பு கூடுவோம். ஆடு செத்த வீட்டுக்காரர்கள் அனைவரும் வாரீர்! பத்து லட்சம் எழுத்தைப் படித்த உலகத்தில், நம் மனுவின் பத்து வரியையும் படிக்க வைப்போம்!

— செயலாளர்