திருப்பூர்த் தொழிலில் கூட்டும் பங்கும்

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் ஏற்றுமதித் தொகையைப் பற்றியே பேசுகின்றனர். அத்தொகை எத்தனை கைகளின் வழியே ஈட்டப்படுகிறது என்று கேட்பவர் சிலரே. அந்நிய தேசத்து வியாபாரி ஒருவர் பல்லாயிரம் சட்டைகளுக்கு ஆர்டர் கொடுத்தால், அதைப் பெற்ற கம்பெனி தன் கூரையின் கீழேயே எல்லாவற்றையும் செய்து முடிப்பது அபூர்வம். நூல் நிட்டிங் பட்டறைக்குப் போகிறது. துணி சாயப்பட்டறைக்கும், அங்கிருந்து காம்பாக்டிங்குக்கும் செல்கிறது. வெட்டிய துண்டுகள் பிரிண்டிங்குக்கும் எம்பிராய்டரிக்கும் பிரிந்து, பின் தையலுக்காகச் சிறு யூனிட்டுகளிடம் பங்கிடப்படுகின்றன. இதற்கு ஜாப் வொர்க் என்று பெயர். ஒரு பேராலை செய்யத் தயங்கும் காரியத்தை ஓர் ஊரே கூடிச் செய்கிறது என்பதில் நமக்கும் பெருமையே.

ஆனால் இது எத்தகைய கூட்டு? 2025 ஆகஸ்டில் அமெரிக்க சர்க்கார் இந்தியச் சரக்குகளின் மீது 50 சதவீதத் தீர்வையைச் சுமத்தியபோது இக்கேள்வி அம்பலத்துக்கு வந்தது. வாங்குவோர் விலையைக் குறைக்கச் சொன்னார்கள். சில ஆர்டர்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அவ்வாறு குறையும் விலை, ஆர்டர் பெற்ற கம்பெனியோடு நின்றுவிடுமா? நிற்காது. தையற்கூலியிலும் சாயக்கூலியிலும் பிடித்தமாக இறங்கி, பத்து மெஷின் வைத்திருப்பவர் வாசலில் போய் நிற்கும். ஏற்றுமதியாளரை மட்டும் நாம் குறை கூறவில்லை. கப்பல் தவறினால் தன் செலவில் விமானத்தில் சரக்கை அனுப்புபவர் அவர்தான். எனினும், கூட்டங்களில் 'பார்ட்னர்' என்று உபசரிக்கப்படும் சிறு பட்டறைக்காரர் பில் தொகைக்காக வராந்தாவில் காத்திருக்கும் காட்சியை எவ்விதம் சமாதானம் சொல்லி மறைப்பது? வேறு ஒப்பந்தம் இல்லாதபோது பங்காளிகள் லாபத்தையும் நஷ்டத்தையும் சமமாக ஏற்க வேண்டும் என்பது 1932-ஆம் வருஷத்துக் கூட்டு வியாபாரச் சட்டத்தின் விதி. திருப்பூர்ப் 'பார்ட்னரு'க்கு அச்சட்டம் பொருந்தாது. பெயர் மட்டுமே பொருந்துகிறது.

கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கும் முறையிலேயே கோளாறு தொடங்குகிறது. ஒவ்வொரு ஆர்டருக்கும் யார் குறைந்த கூலி சொல்கிறார் என்று பார்ப்பதே வழக்கமாகி விட்டது. இதன் பலனை ஊர் ஒருமுறை அனுபவித்திருக்கிறது. கழிவு நீர் நொய்யலில் கலப்பதைத் தடுக்க, 2011 ஜனவரியில் சென்னை ஹைக்கோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. சாயம் ஏற்றத் துணியை வெளி மாநிலங்களுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. மலிவான சாயக்கூலியின் மிச்சத்தை அந்நாள் வரை நொய்யல் ஆறும் அதன் விவசாயிகளும் செலுத்தி வந்தனர் என்பதே உண்மை.

சட்டம் இல்லாமலில்லை. 2006-ஆம் வருஷத்துச் சிறு, நடுத்தரத் தொழிற் சட்டப்படி, குறுந்தொழில், சிறுதொழில் செய்வோருக்கு ஒப்பந்தம் எவ்வளவு தவணை சொன்னாலும் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையேல் 15 நாட்கள். தவறினால் ரிசர்வ் பாங்கியின் வட்டி விகிதத்தைப்போல் மும்மடங்கு, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டி. 2024 ஏப்ரல் முதல் அமலான வருமான வரித் திருத்தமோ, தவணை கடந்த பாக்கியை உண்மையில் கொடுக்கும் வருஷத்திலன்றிச் செலவுக் கணக்கில் கழிக்கக்கூடாது என்றது. இத்தனை இருந்தும் உரிமையைக் கோரி மனுப்போடப் பட்டறைக்காரர் அஞ்சுகிறார். இன்று மனுப்போட்டவருக்கு அடுத்த ஆர்டர் வராது! சட்டப் புஸ்தகத்தில் இதற்குப் பரிகாரம் எழுதப்படவில்லை.

நிலையான கூட்டாளி இருந்தால் என்ன நேரும் என்பதற்கு வேறொரு தொழிலில் திருஷ்டாந்தம் உண்டு. 1997 பிப்ரவரி 1-ந் தேதி, ஜப்பானில் காரியா நகரத்து ஐசின் ஆலை தீப்பற்றியது. டொயோட்டா மோட்டார்களின் பிரேக்குக்கு வேண்டிய ஒரு சிறு வால்வு ஏறக்குறைய முழுவதும் அங்கேதான் தயாராகி வந்தது. டொயோட்டா ஆலைகள் நின்றன. உடனே சுமார் 200 கம்பெனிகள் வேலையைப் பங்கிட்டுக்கொண்டு, விலை பேசுமுன்பே தொடங்கி, சில நாட்களில் வால்வுகளை அனுப்பின. தையல் மெஷின் செய்யும் பிரதர் கம்பெனியும் அவற்றில் ஒன்று. செலவு பின்னர் ஈடுசெய்யப்பட்டதோடு, தனக்கு நேரடியாகச் சரக்குத் தருவோருக்கு டொயோட்டா அந்த மூன்று மாத விற்பனையில் 1 சதவீதத்தை வெகுமதியாகவும் கொடுத்தது. ஜப்பானியர் தேவர்களல்லர், விலையைக் குறைக்கும்படி நெருக்குவதில் டொயோட்டாவுக்கு நல்ல பெயரே கிடையாது. ஆனால் அடுத்த வருஷமும் வேலை வரும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது.

அந்நம்பிக்கையை உண்டாக்கும் வழி திருப்பூருக்குப் புதிதன்று. உள்நாட்டு பனியன் தொழிலில் பவர் டேபிள் உரிமையாளர் சங்கமும் உற்பத்தியாளர் சங்கமும் எதிரெதிரே அமர்ந்து, சில வருஷங்களுக்கு ஒருமுறை கூலியை ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. தனி ஒருவர் கேட்டால் ஆர்டர் போகும். சங்கம் கேட்டால் எல்லோருடைய ஆர்டரையும் யாரும் எடுத்துக்கொண்டு போய்விட முடியாது. கூலியோடு நிற்கும் அவ்வொப்பந்தத்தில் இரண்டு ஷரத்துகள் சேர வேண்டும். வாங்குவோர் கேட்கும் தள்ளுபடியில் ஜாப் வொர்க் செய்பவர் தலையில், அந்த ஆர்டரில் அவர் பெறும் பங்குக்கு மேல் ஒரு காசும் விழலாகாது என்பது ஒன்று. துணி தாமதமாய் வந்து சேர்ந்த நாட்களைத் தையற்காரர் கணக்கில் எழுதி டெபிட் நோட்டு அனுப்பலாகாது என்பது மற்றொன்று. ஏற்றுமதி ஆர்டர்களுக்கும் இதையே விரிக்க வேண்டும். அடுத்த கூலிப் பேச்சில் இவற்றை முதல் விஷயமாக வைக்கும்படி இரு தரப்புச் சங்கங்களையும், ஏற்றுமதியாளர் சங்கத்தையும் கேட்டுக்கொள்கிறோம்.