விஷக் கழிவு யார் தலையில்?

பிரேசில் நாட்டின் கோயானியா நகரில் 1987-ல் நடந்த கொடுமையை நம் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் அறிந்திருப்பது அவசியம்.

அங்கே ஒரு தனியார் சிகிச்சை நிலையம் 1985-ல் வேறு இடத்துக்கு மாறியது. புற்றுநோய்க்குக் கதிர் பாய்ச்சும் இயந்திரத்தைப் பழைய கட்டடத்திலேயே விட்டுப் போனது. பழைய சாமான் பொறுக்கிப் பிழைக்கும் இருவர் 1987 செப்டம்பரில் அதைப் பெயர்த்தெடுத்துக் காயலான் கடைக்கு விற்றனர். உள்ளே சீசியம்-137 என்னும் கதிரியக்கத் தூள் இருந்தது. இருட்டில் நீல ஒளி வீசிய அதை அதிசயமென்று எண்ணி உற்றாரும் அண்டை வீட்டாரும் பங்கிட்டுக் கொண்டனர். நான்கு பேர் மாண்டனர்: ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, கடைக்காரரின் மனைவி, கடையில் கூலி வேலை செய்த இரண்டு இளைஞர்கள். 249 பேரின் உடலிலோ உடையிலோ விஷம் படிந்திருந்தது.

ஏழைகளின் அறியாமையே காரணம் என்று சொல்வது எளிது. இயந்திரத்தைக் கேட்பாரற்றுப் போட்டுச் சென்றவர் யார்? கண்காணிக்கத் தவறிய சர்க்கார் யாருடையது?

தூளின் எடை 100 கிராம்கூட இல்லை. அதை அகற்றியபோது சேர்ந்த கழிவோ 3,500 கன மீட்டர்! வீடுகள் இடிக்கப்பட்டன. மேல்மண் வெட்டி அள்ளப்பட்டது. தட்டுமுட்டுச் சாமான்களும் பீப்பாய்களில் அடைபட்டன. இவ்வளவையும் எங்கே வைப்பது என்று எவரும் முன்னதாக யோசித்திருக்கவில்லை. செப்டம்பர் 29-ல் ஆபத்து தெரிந்தும், பெரிய அளவில் துப்புரவு வேலை நவம்பர் நடுவில்தான் தொடங்கியது. கோயாஸ் மாநில விளைபொருள்களை வாங்க மற்ற ஊரார் தயங்கினர். விஷம் படாத நிலத்தில் பாடுபட்டவனும் நஷ்டப்பட்டான்.

இது தூர தேசத்துக் கதையல்ல. 2010-ல் டில்லிப் பல்கலைக்கழகம் ஏலத்தில் விற்ற பழைய கருவி ஒன்று மாயாபுரி காயலான் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அதனுள் கோபால்ட்-60 இருந்தது. அதை உடைத்த தொழிலாளர்கள் நோயுற்றனர், ஒருவர் உயிரிழந்தார்.

“இதையெல்லாம் இப்போதே பேசினால் ஜனங்கள் பீதியடைவார்கள்” என்பார்கள் அதிகாரிகள். கோயானியாவில் இறந்த சிறுமியை அடக்கம் செய்யச் சென்றபோது கூட்டம் கல்லெறிந்தது. மக்களுக்கு எதுவும் சொல்லி வைக்காததன் விளைவு அது!

ஆகவே நாம் கோருவது இது. விபத்து நேர்ந்தால் கழிவை எங்கே வைப்பது, எந்த வழியாகக் கொண்டு செல்வது என்பதை அந்தந்தப் பகுதி மக்களைக் கலந்து இப்போதே தீர்மானிக்க வேண்டும். பீப்பாய்களும் அளவுக் கருவிகளும் தயாராக இருக்க வேண்டும். கண்டபடி கழுவி விட்டால் விஷம் சாக்கடைக்கும் வயலுக்கும் பரவும். ஆதலால் வேலைமுறையையும் முன்னரே வகுக்க வேண்டும். இரும்பு உருக்கும் ஆலை வாயில்களிலும் பழைய இரும்புச் சந்தைகளிலும் கதிர் அளக்கும் கருவி வைக்க வேண்டும்.

துப்புரவுக்கு இறங்கப் போகிறவர் யார்? அன்றாடக் கூலிதான். அவருக்குப் பயிற்சியும் பாதுகாப்பு உடையும் தராமல், உடலில் ஏறிய கதிரின் அளவைக் குறித்து வைக்காமல் வேலை வாங்கக் கூடாது. ஆயுள் முழுவதும் இலவச வைத்தியம் வேண்டும். வேலை இழப்போருக்குக் கூலியும் விளைச்சல் இழப்போருக்கு நஷ்ட ஈடும், பொருளை அலட்சியமாக விட்டவரே கொடுக்க வேண்டும். திட்டக் குழுவில் தொழிற்சங்கங்களுக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களுக்கும் இடம் வேண்டும்.

சீசியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே 30 ஆண்டுகள் ஆகும். அந்தச் சுமை நம் பிள்ளைகள் தலையில் விழாதிருக்க, சங்கக் கூட்டங்களில் இன்றே இக்கோரிக்கையை எழுப்புங்கள், தோழர்களே!