மோட்டார் சைக்கிளும் தலைவிதியும்

புதிதாய் மோட்டார் சைக்கிள் வாங்குகிறவர் முதலில் செய்வது என்ன? வண்டியைக் கோவில் வாசலில் நிறுத்தி, சந்தனம் குங்குமம் பூசி, மாலை போட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார். தட்சணை கொடுத்துவிட்டு நேரே ரோட்டுக்குப் போகிறார். வண்டியை நிறுத்த யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டால், "அண்ணன் வண்டியில் பழகினேன்" என்கிறார். அந்த அண்ணனுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்பாரில்லை.

2022-ம் வருஷத்தில் மாத்திரம் இந்தியாவில் ரோடு விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர்; அவர்களில் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள் 74,897 பேர் என்று சர்க்கார் கணக்கே சொல்லுகிறது. பிணத்தைச் சுற்றி நின்று நாம் சொல்லுவதோ, "விதி முடிந்தது" என்பதுதான். இத்தனை பேருக்கும் விதி ரோட்டில்தானா வந்து முடிய வேண்டும்?

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஹாரி ஹர்ட் என்பவரும் அவரது கூட்டத்தாரும் ஸ்தலத்திலேயே ஆராய்ந்து, 1981-ல் அறிக்கை வெளியிட்டார்கள். விபத்துக்குள்ளானவர்களில் 100-க்கு 92 பேர் தாமாகவோ, வீட்டாரிடமோ, சிநேகிதரிடமோ பழகினவர்கள். ஆபத்து வந்தபோது பெரும்பாலோர் பின் பிரேக்கை மிதித்துச் சக்கரத்தைச் சறுக்கவிட்டார்களேயொழிய, முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை. நிறுத்தும்போது பாரம் முன் சக்கரத்தின் மேல் சாய்வதால், நிறுத்தும் சக்தியில் பெரும்பகுதி முன் பிரேக்கிலேயே இருக்கிறது. நம் ஊர் உபதேசமோ, "முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுவாய்" என்பது. திடீரென்று இறுக்கினால் விழுவது மெய்தான். வரவர அழுத்தி, பின் பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வெறும் மைதானத்தில் பழகினவன் விழமாட்டான்.

நம் லைசென்சு பரீட்சையின் யோக்கியதை என்ன? காலை ஊன்றாமல் மெள்ள ஒரு '8' போட்டால் தீர்ந்தது. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் திடுக்கிட்டு பிரேக்கைத் தொட ஒரு விநாடி எடுத்தால், அதற்குள் வண்டி சுமார் 17 மீட்டர் ஓடிவிடுகிறதென்பதை எந்த எட்டு கற்பிக்கும்? இங்கிலாந்தில் 1990 முதலே, அடிப்படைப் பயிற்சி பெறாமல் புதியவர் ரோட்டில் ஓட்டக் கூடாதென்று விதித்திருக்கிறார்கள்.

நிற்க, ஹெல்மெட்டில்லாமல் அதே 2022-ல் மாண்டவர்கள் 50,029 பேர். இவர்களில் பின்னால் உட்கார்ந்து சென்றவர்கள் மாத்திரம் 14,337 பேர். அபராதத்துக்குப் பயந்து புருஷன் தன் தலையை மூடிக்கொள்கிறான். பின்னால் ஒருபக்கமாய் உட்கார்ந்திருக்கும் மனைவியின் தலையில் பூ மாத்திரம் இருக்கிறது. பெண்ணின் தலை தலையில்லையா என்று கேட்கிறோம்.

ஆகவே, பயிற்சியில்லாமல் லைசென்சு இல்லை என்று சர்க்கார் சட்டம் செய்ய வேண்டும். அதுவரை, வாலிபர்களே, ஊர் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடுங்கள். நன்றாய்த் தெரிந்த ஒருவரைக் கொண்டு நிறுத்தவும் திருப்பவும் பழகுங்கள். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, பழகிக் களைத்தவர்களுக்குச் சர்பத்து கொடுங்கள். அதனால் பழத்துக்கும் பிரயோஜனமுண்டு, தலைக்கும் பிரயோஜனமுண்டு.