விளக்குக் கடையும் விலாசப் புத்தகமும்

கண்டியிலிருந்து கொழும்பு நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே, பேராதனையைக் கடந்து கடுகண்ணாவையை அடையுமுன் வருவது பிலிமத்தலாவை. பித்தளைச் சாமான்களுக்குப் பேர்பெற்ற ஊர். தெருவோரக் கடைகளிலே குத்துவிளக்குகளும் மணிகளும் தட்டுகளும் வெயிலிலே பளபளத்து நிற்பதை, பஸ்ஸிலே போகிறவர்களும் எட்டிப் பாராமல் இருப்பதில்லை. சென்ற மாதம் அவ்வூரிலே எமது பழைய நண்பர் ஒருவருடைய கடைக்குச் சென்றிருந்தோம். அவருடைய தந்தையார் காலத்திலிருந்து நடந்துவரும் சிறிய கடை அது. நண்பர், அவருடைய மனைவியார், ஊழியர் இருவர் ஆகிய நால்வரும் அதிலே உழைத்து வந்தனர்.

நண்பருடைய முகம் வாடியிருந்தது. காரணத்தை வினவினோம். யாழ்ப்பாணத்திலே ஒரு கல்யாண வீட்டார் ஓர் இணைக் குத்துவிளக்குக்குச் சொல்லியிருந்தனராம். அச்செய்தி ஊழியரான இளைஞர் ஒருவருடைய சொந்தக் கைத்தொலைபேசிக்கு வந்தது. வாடிக்கையாளரின் கேள்விகளுக்கெல்லாம் பல மாதங்களாக அவரே அன்போடு விடையெழுதி வந்தார். திடீரென வளைகுடா நாடொன்றிலே வேலை கிடைத்து அவர் புறப்பட்டபோது, தொலைபேசியும் அவருடனே விமானம் ஏறிவிட்டது. அவர்மீது குற்றமில்லை, அது அவருடைய பொருள்.

"வங்கியிலே யாரோ முன்பணம் போட்டிருந்தார்கள், ஐயா. யாருடைய பணமென்று தெரியாமல் நாட்களைக் கடத்திவிட்டேன். கல்யாணத்துக்கு இரண்டு நாட்கள் இருக்கையில் பெண்ணின் தகப்பனார் நேரிலே வந்து நின்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. அதுதான் என்னை வாட்டுகிறது" என்றார் நண்பர்.

உயர்தர வகுப்பிலே படிக்கும் அவருடைய மகள் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து எம் முன்னே விரித்தாள். செய்தி அனுப்பும் செயலிகளும் கந்தோர் மென்பொருள்களுமாகப் பதினொரு பெயர்களை விளம்பரங்களிலிருந்து தேடி எழுதியிருந்தாள். "மாமா, இவற்றிலே எங்கள் கடைக்கு எது நல்லது?" என்று கேட்டாள்.

இக்கேள்வி அந்த ஒரு கடைக்கு மட்டும் உரியதன்று. தையற்கடை, மருந்துக்கடை, தனிப்பாட வகுப்பு, கேக் செய்து விற்கும் இல்லம் எனச் சிறு தொழில் நடத்தும் எத்தனையோ குடும்பங்களிலே இதே கேள்வி எழுகின்றது. ஆதலால் அன்று அப்பெண்ணுக்கு நாம் கூறியவற்றை வாசகர்களுக்கும் கூறுவது பொருந்தும்.

முதலாவதாக, கொப்பியிலுள்ள பெயர்களை இரண்டு பகுதிகளாகப் பிரிக்கச் சொன்னோம். கந்தோரில் உள்ளவர்கள் தமக்குள்ளே பேசிக்கொள்வதற்கான கருவிகள் ஒரு வகை. வாடிக்கையாளரோடு பேசுவதற்கான கருவிகள் மற்றொரு வகை. ஸ்லாக், மைக்ரோசொப்ட் டீம்ஸ், சோஹோ கிளிக் முதலியன முதல் வகையைச் சேர்ந்தவை. பல கிளைகளும் பல பிரிவுகளும் உள்ள நிறுவனத்துக்கு அவை பேருதவி. ஒரே கூரையின் கீழ் நான்கு பேர் நிற்கும் கடையிலே, குரல் கொடுத்தால் கேட்கும் தூரத்துக்குச் சந்தா கட்டுவானேன்? இலவசம் என்ற சொல்லையும் சற்று நிதானித்து வாசிக்க வேண்டும். ஸ்லாக் நிறுவனத்தின் இலவசத் திட்டத்திலே 2022 செப்டெம்பர் முதல் கடைசி 90 நாட்களின் செய்திகளையே காணலாம். தைமாதத்திலே பேசிய விலையை ஆடிமாதத்திலே தேடுகிறவனுக்கு அது போதாது.

வாடிக்கையாளரோடு பேசும் கருவியைத் தெரிவதற்கு வழி எளிது. வாடிக்கையாளர் கையிலே ஏற்கெனவே எது இருக்கின்றதோ அதுவே நமக்கும் ஏற்றது. நண்பரின் வாடிக்கையாளர் பெரும்பாலும் வாட்ஸ்அப் உபயோகிப்பவர்கள். சிறு வியாபாரிகளுக்கென அந்நிறுவனம் 2018 ஜனவரியில் வெளியிட்ட வாட்ஸ்அப் பிசினஸ் என்னும் செயலி இலவசமானது. சாமான்களின் படங்களை விலையோடு அடுக்கி வைக்கலாம். கடை பூட்டியிருக்கும் வேளையிலே தானாக ஒரு மறுமொழி போகச் செய்யலாம். 'புதிய கட்டளை', 'பணம் வரவேண்டியது' என்றவாறு உரையாடல்களுக்குக் குறியிட்டுப் பிரிக்கலாம். நான்கு பேர் கடைக்கு இவை தாராளமாகப் போதும்.

ஆனால் செயலியைத் தெரிந்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. கணக்கு முழுவதும் ஒரு தொலைபேசி எண்ணிலே தங்கியிருக்கின்றது. அந்த எண்ணுக்குரிய சிம் அட்டை கடை உரிமையாளரின் பெயரிலே பதியப்பட்டிருத்தல் வேண்டும். அந்தத் தொலைபேசி கடையிலேயே இருத்தல் வேண்டும். ஊழியர்கள் விடையெழுத விரும்பினால், அதே கணக்கை வேறு நான்கு கருவிகளிலே இணைத்துக்கொள்ளலாம். விலகிச் செல்பவரின் கருவியை ஒரு நொடியிலே நீக்கியும் விடலாம். இரண்டாம் பூட்டாக ஓர் ஆறிலக்க எண்ணை அமைத்து, அதனை வீட்டுப் பெட்டகத்திலே எழுதி வைக்க வேண்டும். உரையாடல்களின் பிரதி ஒழுங்காகச் சேமிக்கப்படுகின்றதா என்று வாரமொருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றைச் செய்திருந்தால் கல்யாண வீட்டு விளக்கு தவறியிராது.

"அப்படியானால் எல்லாவற்றையும் அதிலேயே வைத்துவிடலாமா?" என்றாள் அப்பெண். கூடாது என்றோம். கண்டி மாவட்டத்தார்க்கு அதன் காரணத்தை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 2018 மார்ச்சிலே திகனையிலும் சுற்றுப்புறங்களிலும் கலவரம் மூண்டபோது, பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை அரசாங்கம் தடை செய்தது. ஏறத்தாழ ஒரு வாரம் அவை முடங்கின. 2019 ஏப்ரிலில் ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்னரும், 2022 ஏப்ரில் 3ஆம் நாளும் இவ்வாறே தடைகள் விதிக்கப்பட்டன. 2021 அக்டோபர் 4ஆம் நாள் எவருடைய தடையுமின்றியே, அந்நிறுவனத்தின் சொந்தக் கோளாறினால் உலகம் முழுவதும் வாட்ஸ்அப் சுமார் ஆறு மணி நேரம் நின்றுபோயிற்று. தடை சரியா பிழையா என்பது வேறு விவாதம். ஒரே பாதையை நம்பியிருந்த கடைக்காரர் அந்நாட்களிலே வாடிக்கையாளரின் எண்ணைக்கூட அறியாதவராய்த் தவித்தார் என்பதே இங்கு நாம் கருதவேண்டியது.

ஆகவே இரண்டாம் பாதை ஒன்று வேண்டும். குரல் அழைப்பும் குறுஞ்செய்தியும் இணையத்தை வேண்டுவன அல்ல. குறுஞ்செய்தியிலே மாணவர்கள் அறிந்துகொள்ளவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஆங்கில எழுத்திலே எழுதினால் ஒரு செய்திக்கு 160 இடங்கள். தமிழிலோ சிங்களத்திலோ எழுதினால் 70 இடங்களே. 'பித்தளை' என்பதை நாம் நான்கெழுத்து என்போம். கணினி உயிர்க்குறிகளையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணி அதனை ஏழாகக் கொள்ளும். எல்லை கடந்தால் அடுத்த செய்தியாகக் கணக்கிடப்படும். அதற்காகத் தமிழைக் கைவிட வேண்டியதில்லை. சுருங்கச் சொல்லப் பழகினால் போதும். "உங்கள் விளக்கு தயார்." என்னும் செய்தி 21 இடங்களையே பிடிக்கும்.

மொழியைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. பிலிமத்தலாவைக்குச் சில மைல் தெற்கே, கம்பளை அரசன் நான்காம் புவனேகபாகு காலத்திலே, 1344இல் எழுந்த லங்காதிலக விகாரை இருக்கின்றது. அங்கே பாறையிலே சிங்களத்திலும் தமிழிலும் சாசனங்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அறுநூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்னரே, சொல்லவேண்டியதை இரு மொழியிலும் சொல்லவேண்டும் என்று கருதியவர்கள் அம்மலைச்சாரலிலே வாழ்ந்தார்கள். இன்று கைவிரலால் செய்தி எழுதுகின்ற நாம், சிங்களத்திலே கேட்பவருக்குச் சிங்களத்திலும், தமிழிலே கேட்பவருக்குத் தமிழிலும் விடையளிப்பதற்குச் சோம்பலாமா? தெரிந்தெடுக்கும் மென்பொருள் இரு மொழி எழுத்துகளையும் பிழையின்றிக் காட்டுகின்றதா என்பதை முதல்நாளே சோதித்தல் வேண்டும்.

கடை வளர்ந்து, நாளொன்றுக்கு நூறு கேள்விகள் வரத் தொடங்கினால் யாது செய்வது? அப்பொழுது வேறு வகை மென்பொருள் தேவைப்படும். அது ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண் கொடுக்கும். அதை யார் பொறுப்பேற்றார், விடை போயிற்றா இல்லையா என்று எல்லோருக்கும் காட்டும். இத்துறையிலே உலகறிந்த நிறுவனங்கள் இரண்டு தமிழ்நாட்டிலே வளர்ந்தவை. 1996இல் தொடங்கிய சோஹோவுக்குத் தென்காசியை அடுத்த மத்தளம்பாறைக் கிராமத்திலும் கந்தோர் உண்டு. 2010இல் சென்னையிலே பிறந்த பிரெஷ்வொர்க்ஸ் 2021இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையை எட்டியது. எந்த நிறுவனமாயினும் பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். ஆளொன்றுக்குக் கட்டணமா, கடை முழுவதற்குமா? அடுத்த ஆண்டு விலகிச் செல்ல விரும்பினால் எமது வாடிக்கையாளர் பட்டியலை முழுமையாக இறக்கிக்கொள்ளலாமா? அப்பட்டியலை வேறு யார் பார்ப்பார்?

கடைசிக் கேள்வி அற்பமானதன்று. ஒருவர் தம் பெயரையும் எண்ணையும் வீட்டு விலாசத்தையும் நம்மிடம் தருவது நம்பிக்கையினால். அதனைப் பாதுகாப்பதற்கெனவே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எம் நாட்டிலே இயற்றப்பட்டது.

எல்லாம் கேட்ட பின்னர் அப்பெண் கொப்பியின் புதிய பக்கத்திலே கோடுகள் வரைந்தாள். திகதி, பெயர், தொலைபேசி எண், சாமான், முன்பணம், கொடுப்பதாகச் சொன்ன நாள், விடையளித்தவர் என ஏழு பத்திகள். மாலைதோறும் தொலைபேசியிலே வந்த கட்டளைகளை இதிலே பதிய வேண்டும் என்பது ஏற்பாடு. நூறு கேள்விக்கு மென்பொருள் செய்யும் வேலையைப் பத்துக் கேள்விக்கு இந்தக் கொப்பியே செய்துவிடும். கடையின் முன்னால் ஓடும் இதே தெருவிலே 1832இல் தபால் குதிரைவண்டி ஓடியது. 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. இன்று செய்தி வானிலே பறக்கின்றது. வாகனம் எத்தனை முறை மாறினாலும் விலாசப் புத்தகத்தை நாமே வைத்திருக்க வேண்டியிருக்கின்றது.

முதல் வரியிலே யாருடைய பெயரை எழுதுவது என்று மகள் தகப்பனாரைப் பார்த்தாள். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர் யாழ்ப்பாணத்துப் பெரியவரின் பெயரைச் சொன்னார். "கல்யாணத்துக்குத்தான் தவறிவிட்டது. பிள்ளைகளின் புது வீட்டுக்காவது அந்த விளக்குகளை அனுப்ப விடுவாரா என்று கேட்கிறேன். இதைச் செய்தியாக எழுதக்கூடாது, நானே பேச வேண்டும்" என்றார்.

நாம் விடைபெற்றுத் தெருவைக் கடந்து பஸ்ஸுக்கு நின்றபோது, நண்பர் கடைவாசலிலே நின்று எண்களை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்தார்.